கலவைக் கணக்கு பிழைத்தால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

திருகோணமலையில் பின்னேர வகுப்பில் தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். போன தவணையில் ஒரு தம்பி வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் கொப்பியோடு நின்றார். "சேர், எங்க பிழைச்சதெண்டு தெரியல்ல. மூண்டு தரம் செய்து பாத்திட்டன்." வாங்கிப் பார்த்தேன். அடைப்புக்குறி பிரித்தது சரி, பக்கம் மாற்றியது சரி, வகுத்ததும் சரி. கடைசி வரியில் 15.33 கிலோகிராம் என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு. கேள்வியில் இருந்த மொத்தக் கலவையோ 12 கிலோகிராம்தான்.

மூன்று தரம் செய்தும் பிழை பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் மூன்று தரமும் இரண்டாவது வரியிலிருந்துதான் சரிபார்த்திருந்தார். கலவைக் கணக்கில் பிழை பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கும், அதாவது சொல்லில் உள்ளதைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில். அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிழையான சமன்பாட்டின் சரியான விடைதான் வரும்.

ஆனால் அந்தப் பிழையான விடைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தான் எப்படிப் பிழைத்தேன் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். விடை மறை எண்ணாக வந்தால் ஒரு காரணம், மொத்தத்தை மிஞ்சினால் வேறொரு காரணம், எழுத்தே மறைந்துபோனால் இன்னொன்று. அதனால் இதை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டியதில்லை. சரியாகச் செய்த கணக்கை மட்டும் முதலில் பாருங்கள், அப்புறம் உங்கள் கொப்பியில் தெரியும் அறிகுறிக்குப் போங்கள்.

சரியாக வந்தால் எப்படி இருக்கும்

5% உப்புநீர் ஒரு வாளியில், 20% உப்புநீர் இன்னொரு வாளியில் இருக்கிறது. இரண்டையும் கலந்து 10% உப்புநீர் 12 கிலோகிராம் வேண்டும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுக்க வேண்டும்?

கொப்பியில் நீங்கள் எக்ஸ் போடும் இடத்தில் நான் இங்கே 'க' என்று எழுதுகிறேன். க என்பது முதல் வாளியில் எடுக்கும் உப்புநீரின் கிலோகிராம் எண்ணிக்கை. அதை ஒரு முழு வசனமாக எழுதிவிடுங்கள். "க = உப்பு" என்று எழுதும் பிள்ளைக்கு அரைவாசி தூரத்தில் எது உப்பு, எது உப்புநீர் என்று குழம்பிவிடும்.

இப்போது மூன்று வரி:

முதல் வாளி: நிறை க, வீதம் 5%, உப்பு 0.05க
இரண்டாம் வாளி: நிறை 12 − க, வீதம் 20%, உப்பு 0.20(12 − க)
கலந்த பின்: நிறை 12, வீதம் 10%, உப்பு 0.10 × 12 = 1.2

மேலிருந்து கீழே பாருங்கள். நிறைகளைக் கூட்டினால் மொத்த நிறை வரும். உப்பைக் கூட்டினால் மொத்த உப்பு வரும். நடுவில் இருக்கும் வீதம் மட்டும் கூடாது. 5உம் 20உம் சேர்ந்து 25 ஆகவில்லை, 10தான் ஆகியிருக்கிறது. கலக்கும்போது உப்பு எங்கேயும் போகாது, புதிதாகவும் வராது. சமன்பாடு அந்த உப்பைப் பற்றியது, வீதத்தைப் பற்றியது அல்ல.

0.05க + 0.20(12 − க) = 1.2
2.4 − 0.15க = 1.2
க = 8

5% உப்புநீரில் 8 கிலோகிராம், 20% உப்புநீரில் 4 கிலோகிராம். வாய்ப்புப் பார்ப்போம், அதாவது விடையைப் போட்டுச் சரிபார்ப்போம்: முதல் வாளியில் உப்பு 0.4, இரண்டாவதில் 0.8, கூட்டினால் 1.2. 12 இல் 1.2 என்றால் 10%. சரி.

லீற்றர் போடாமல் கிலோகிராம் போட்டதற்குக் காரணம் உண்டு. நிறைகளைக் கூட்டினால் எப்போதும் மொத்த நிறை வரும், கனவளவுகளைக் கூட்டினால் எல்லா நேரமும் மொத்தக் கனவளவு வருமென்றில்லை. 50 மில்லிலீற்றர் எதனோலையும் 50 மில்லிலீற்றர் தண்ணீரையும் கலந்தால் 100 வராது, ஏறத்தாழ 96 முதல் 97 மில்லிலீற்றர்தான் வரும். பரீட்சை வினாவில் லீற்றர் என்று கொடுத்திருந்தால் கூடும் என்று எடுத்துக்கொண்டு செய்யுங்கள், அது அவர்கள் எதிர்பார்ப்பது. ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அறிகுறி: விடை மொத்தத்தை விடப் பெரிதாக வருகிறது

அந்தத் தம்பியின் 15.33 இதுதான். அவருடைய முதல் வரி:

5க + 20(12 − க) = 10

வலப்பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்கத்தில் வீதத்தை நிறையால் பெருக்கியிருக்கிறார், வலப்பக்கத்தில் வெறும் வீதத்தை விட்டுவிட்டார். இடப்பக்கம் உப்பு, வலப்பக்கம் வீதம். தேங்காயை மணித்தியாலத்துக்குச் சமன் என்று எழுதியது போல. 240 − 15க = 10 என்று வந்து க = 15.33 ஆகிறது.

திருத்தம் ஒரே ஒரு பெருக்கல்: 10 என்ற இடத்தில் 10 × 12. அவ்வளவுதான். 240 − 15க = 120, க = 8.

இதைப் பிடிக்க ஒரு பழக்கம் போதும். ஒவ்வொரு உறுப்புக்கும் கீழே பென்சிலால் 'உப்பு' என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத உறுப்பு எதுவோ, பிழை அங்கே. அன்று அந்தத் தம்பி முதல் உறுப்புக்குக் கீழே எழுதினார், இரண்டாவதற்குக் கீழே எழுதினார், வலப்பக்கத்து 10க்குக் கீழே பென்சிலை வைத்தார், நின்றுவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே 12ஐப் பெருக்கினார்.

அறிகுறி: எதைக் கலந்தாலும் நட்டநடு வீதம்தான் வருகிறது

5% உப்புநீர் 3 கிலோகிராம், 20% உப்புநீர் 1 கிலோகிராம். கலந்தால் எத்தனை வீதம்? "பன்னிரண்டரை" என்று வகுப்பில் பாதிப் பேர் உடனே சொல்வார்கள். 5ஐயும் 20ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தது.

உப்பைக் கேளுங்கள். 3 × 0.05 = 0.15. 1 × 0.20 = 0.20. மொத்தம் 0.35 கிலோகிராம் உப்பு, 4 கிலோகிராம் கலவையில். 0.35 ÷ 4 = 0.0875, அதாவது 8.75%. ஐதான, அதாவது உப்புக் குறைந்த, நீர் மூன்று மடங்கு அதிகம் இருப்பதால் விடையைத் தன் பக்கம் இழுத்திருக்கிறது. நடு வீதம் சரியாக வருவது இரண்டையும் சம அளவில் எடுத்தால் மட்டும்தான்.

காவுதடியை நினைத்துக்கொள்ளுங்கள். தடியின் ஒரு நுனியில் 5 என்ற கூடை, மறு நுனியில் 20 என்ற கூடை. இரண்டும் சம பாரம் என்றால் தோள் நடுவில். ஒரு கூடை பாரம் கூடினால் தோளை அந்தக் கூடைக்குக் கிட்டக் கொண்டுபோனால்தான் தடி நிமிர்ந்து நிற்கும். தோள் நிற்கும் இடம்தான் கலவையின் வீதம். இங்கே தோள் 8.75 இல். 5 இலிருந்து 3.75 தூரம், 20 இலிருந்து 11.25 தூரம். ஒன்றுக்கு மூன்று. பாரம் மூன்றுக்கு ஒன்று. பாரம் கூடிய பக்கம் தூரம் குறைவு.

இதை வைத்து மேலே செய்த 12 கிலோ கணக்கைச் சமன்பாடு இல்லாமலே சரிபார்க்கலாம். தோள் 10 இல் நிற்க வேண்டும். 5 இலிருந்து 5 தூரம், 20 இலிருந்து 10 தூரம். தூரம் 1 : 2, ஆகவே நிறை 2 : 1. 12ஐ 2 : 1 ஆகப் பிரித்தால் 8உம் 4உம். விடைத்தாளில் படிமுறை காட்டச் சமன்பாட்டை எழுதுங்கள். ஓரத்தில் இந்தத் தோள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்து வந்தால் நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போகலாம்.

அறிகுறி: மறை எண் வருகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எது என்று பார்க்க, சமன்பாட்டை விட்டுவிட்டுக் கேள்விக்குத் திரும்புங்கள்.

முதலாவது, கேட்டதே நடக்காத காரியமாக இருக்கலாம். 5% உப்புநீரையும் 8% உப்புநீரையும் கலந்து 10% உப்புநீர் 12 கிலோகிராம் செய்யச் சொன்னால்:

0.05க + 0.08(12 − க) = 1.2
0.96 − 0.03க = 1.2
க = −8

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மிகச் சூடான கிணற்றில் ஒரு வாளி, இளஞ்சூடான கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஒன்றாக ஊற்றினால், அந்தத் தண்ணீர் சூடான கிணற்றை விடச் சூடாக ஒருநாளும் இருக்காது. இளஞ்சூட்டை விடக் குளிராகவும் இருக்காது. நடுவில் எங்கேயோதான் நிற்கும். 5உம் 8உம் கலந்து 10 ஆகாது. மறை எண் இங்கே பிழை அல்ல, "இது முடியாது" என்று சமன்பாடு சொல்லும் பதில். ஆனால் பாடநூல் கேள்விகள் முடியாததைக் கேட்பது மிகக் குறைவு. ஆகவே இப்படி வந்தால் கேள்வியிலிருந்து இலக்கங்களைச் சரியாகப் பார்த்து எழுதினீர்களா என்று முதலில் பாருங்கள். 18%ஐ 8% என்று எழுதியிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம்தான் அடிக்கடி நடப்பது, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பது. 5% உப்புநீர் 10 கிலோகிராம் இருக்கிறது, எவ்வளவு உப்பைப் போட்டால் 20% ஆகும்? ஒரு பிள்ளை இப்படி எழுதினார்:

5 × 10 + க = 20(10 + க)

50 + க = 200 + 20க என்று வந்து க = −7.89. கேள்வி நடக்கக்கூடியதுதான், உப்புப் போட்டால் உப்பு கூடத்தான் வேண்டும். அப்படியானால் எங்கே பிழை?

5% என்பதை 5 என்றும் 20% என்பதை 20 என்றும் எழுதியது தவறில்லை. எல்லாவற்றையும் நூறால் பெருக்கியிருக்கிறார், தசமத் தொல்லை இல்லாமல் செய்ய அது நல்ல வழி. ஆனால் தனி உப்பு 100%. மற்றவற்றை 5, 20 என்று எழுதும்போது அதை 100க என்று எழுத வேண்டும். அவர் அதை மட்டும் வெறும் க என்று விட்டுவிட்டார். அவருடைய சமன்பாட்டின்படி, போட்டது 1% உப்புநீர். 5% உப்புநீருக்குள் 1% உப்புநீரை ஊற்றி 20% ஆக்கச் சொன்னால் சமன்பாடு மறை எண்தானே தரும்!

50 + 100க = 200 + 20க
80க = 150
க = 1.875

1.875 கிலோகிராம் உப்பு. வாய்ப்பு: முன்பிருந்த 0.5 உடன் சேர்ந்து உப்பு 2.375, மொத்தம் 11.875, வகுத்தால் 0.2. சரி.

இந்தப் பிழையின் தொல்லை என்னவென்றால் அது எல்லாக் கணக்கிலும் வெளியே தெரியாது. இரண்டு கரைசலைக் கலக்கும் கணக்கில் 5, 20, 10 என்று எழுதினாலும் சரியான விடைதான் வரும். தனிப் பொருள் சேரும் கணக்கில்தான் அகப்படும். "சேர், இந்த முறை சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல்ல" என்று பிள்ளைகள் சொன்னால் நான் பார்க்கும் முதல் இடம் இது. தசமம் என்றால் எல்லாமே தசமம், தனிப் பொருள் 1. முழு எண் என்றால் எல்லாமே முழு எண், தனிப் பொருள் 100. பாதி அது பாதி இது வேண்டாம்.

அறிகுறி: எழுத்து மறைந்துவிடுகிறது

20% உப்புநீர் 8 கிலோகிராம். எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் 16% ஆகும்?

0.20 × 8 + 0 × க = 0.16 × 8
1.6 = 1.28

க எங்கே போனது? தண்ணீரில் உப்பு இல்லை, ஆகவே 0 × க என்று எழுதியது சரி. உப்பு வரியில் தண்ணீருக்கு இடமில்லை. ஆனால் தண்ணீர் நிறையில் சேர வேண்டும். ஊற்றிய பிறகு வாளியில் 8 கிலோகிராம் இல்லை, 8 + க இருக்கிறது.

1.6 = 0.16(8 + க)
8 + க = 10
க = 2

சேர்க்கும் கணக்கு எதுவானாலும் வலப்பக்கத்து மொத்தத்தில் க இருந்தே ஆக வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு கடலுக்குள் உப்பைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அங்கே தண்ணீர் உவர் குறைந்து இருக்கிறது, ஏனென்றால் அதே உப்பு இப்போது அதிகத் தண்ணீரில் பரவியிருக்கிறது. உப்பு மாறாமல் இருக்க, மொத்தம் மாறுகிறது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பிழை. 5% குளோரின் கரைசலை 0.5% ஆக்க வேண்டும் என்றால் பத்து மடங்கு ஐதாக்க வேண்டும். உடனே ஒரு பங்கு கரைசலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று எழுதிவிடுவார்கள். பத்து என்பது முடிவில் இருக்கும் மொத்தம். சேர்க்கும் தண்ணீர் ஒன்பது பங்கு. கேள்வியில் "எவ்வளவு சேர்க்க வேண்டும்" என்று இருக்கிறதா, "எவ்வளவு ஆகும்" என்று இருக்கிறதா என்பதை விரலை வைத்து வாசியுங்கள்.

அறிகுறி: தண்ணீர் வற்றும் கணக்கில் மட்டும் விடை ஒத்துவரவில்லை

நிலாவெளிப் பக்கம் உப்பளப் பாத்திகளைப் பார்த்த பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுப்பது எனக்கு மிகப் பிடிக்கும். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5%. பாத்தியில் விட்ட 1000 கிலோகிராம் கடல்நீர், வெயிலில் வற்றி 25% வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

பிள்ளைகள் 25 இலிருந்து 3.5ஐக் கழிப்பார்கள், 21.5% வற்றியது என்பார்கள், 785 கிலோகிராம் மிச்சம் என்பார்கள். வீதத்திலிருந்து வீதத்தைக் கழிப்பதற்கு இரண்டும் ஒரே மொத்தத்தின் வீதமாக இருக்க வேண்டும். இங்கே 3.5% என்பது 1000 இன் வீதம், 25% என்பது மிஞ்சியதன் வீதம். வேறு வேறு மொத்தம்.

மாறாத ஒன்றைப் பிடியுங்கள். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது, உப்பைத் தொடுவதில்லை. தொடக்கத்தில் உப்பு 35 கிலோகிராம், முடிவிலும் 35 கிலோகிராம்.

35 = 0.25(1000 − க)
1000 − க = 140
க = 860

860 கிலோகிராம் தண்ணீர் ஆகாயத்துக்குப் போய்விட்டது. பாத்தியில் மிச்சம் 140. இந்த இலக்கத்தைக் கண்டு பிள்ளைகள் அதிசயிப்பார்கள். உப்பளம் ஏன் அவ்வளவு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கிறது என்பதற்கு இந்த 860உம் ஒரு காரணம். இதற்கு மேல் கொஞ்சம் வற்றினால், ஏறத்தாழ 26 சதவீதத்தில் சாப்பாட்டு உப்பு இனிக் கரைந்திருக்க இடமில்லாமல் பளிங்காக வெளியே வரத் தொடங்கும். ஆகவே கணக்கில் "40% உப்புக் கரைசல்" என்று யாராவது தந்தால், கணக்கைச் செய்யுங்கள், ஆனால் அப்படி ஒரு கரைசலைச் செய்ய முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வினா எழுதும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோளும் அதுதான்: 40% வேண்டுமென்றால் சீனிப்பாகு என்று எழுதுங்கள், அது உண்மையில் நடக்கும்.

கருவாட்டிலும் இதே கதை. மீனில் 75% தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோகிராம் மீனைக் காயப்போட்டு, தண்ணீர் 50% ஆனதும் எடுத்து நிறுத்தால் எவ்வளவு இருக்கும்? 75 கிலோ என்பது வழக்கமான பதில். 75 இலிருந்து 50க்கு, 25 போய்விட்டது என்ற எண்ணம். இங்கே மாறாதது தண்ணீர் அல்லாத பகுதி, 25 கிலோகிராம். முடிவில் அது மொத்தத்தின் பாதி. ஆகவே மொத்தம் 50 கிலோகிராம். வீதம் 75 இலிருந்து 50க்கு வர, நிறை பாதியாகிவிட்டது. கேள்வி தண்ணீரின் வீதத்தைத் தந்தாலும் நீங்கள் எழுத வேண்டிய வரி தண்ணீர் அல்லாததைப் பற்றியது. வற்றும் கணக்கில் விடை பிழைத்தால் பத்தில் எட்டுத் தரம் இந்த இடம் மாறிப்போயிருக்கும் என்பது என் அனுபவம்.

அறிகுறி: எடுத்துவிட்டு ஊற்றும் கணக்கில் விடை கொஞ்சம் குறைகிறது

லொறி ஒன்றின் ரேடியேற்றரில் 7 லீற்றர் இருக்கிறது, அதில் கூலன்ட் (எஞ்சினின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) 30%. கொஞ்சத்தைத் திறந்து விட்டு, அதே அளவு தனிக் கூலன்ட் ஊற்றி 50% ஆக்க வேண்டும். எவ்வளவு திறந்து விடுவது?

வழக்கமான பிழை: 2.1 + க = 3.5, ஆகவே 1.4 லீற்றர். திறந்து விடும்போது தண்ணீர் மட்டும் வெளியே போகிறது என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. திறந்தால் வருவது கலவை. அதிலும் 30% கூலன்ட்தான்.

0.30(7 − க) + க = 3.5
2.1 + 0.7க = 3.5
க = 2

2 லீற்றர். மிச்சம் 5 லீற்றரில் 1.5 கூலன்ட், ஊற்றியது 2, கூட்டினால் 3.5. மொத்தம் 7 இல் பாதி. இந்த வகைக் கணக்கை இரண்டு படமாகக் கீறச் சொல்வேன்: திறந்த பிறகு ஒரு படம், ஊற்றிய பிறகு ஒரு படம். முதல் படத்தைக் கீறாதவர்களுக்குத்தான் 1.4 வரும்.

இதையே திரும்பத் திரும்பச் செய்தால்? 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையோரக் கிணறுகளில் கடல் புகுந்தது. ஒரு கிணற்றில் 3.5% உப்புநீர் நிறைந்திருக்க, பாதியை இறைத்துவிட்டு நல்ல தண்ணீர் பாதி சேர்ந்தால் 1.75%. மறுபடியும் பாதி இறைத்தால் பூச்சியம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, ஏனென்றால் இரண்டு பாதி ஒரு முழு. ஆனால் இரண்டாம் தரம் இறைப்பது 1.75% தண்ணீரின் பாதியை. மிஞ்சுவது 0.875%. அடுத்தது 0.4375%. ஒவ்வொரு தரமும் இருப்பதில் பாதிதான் போகும், முழுதாக ஒருநாளும் போகாது. உண்மையான கிணற்றில் சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் உப்பு ஊறி வரும், ஆகவே காகிதக் கணக்கை விடவும் அது மெதுவாகவே குறையும். அந்த நாட்களில் இறைத்து இறைத்துக் களைத்த வீடுகளில் இருந்த பெரியவர்களிடம் கேட்டால் இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

அறிகுறி: விகிதம் தந்த கணக்கு மட்டும் பிழைக்கிறது

மணல் நாலு பங்கு, சீமெந்து ஒரு பங்கு. கலவையில் சீமெந்து எத்தனை வீதம்? 25 என்று எழுதினால் நாலில் ஒன்று என்று எடுத்திருக்கிறீர்கள். மொத்தம் ஐந்து பங்கு, ஆகவே 20%.

போட்டுக்காரர்கள் எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கும்போது 50க்கு 1 என்பார்கள், அதாவது எரிபொருள் 50 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு. கண்டிப்பாகப் பார்த்தால் அது 51 இல் 1, ஏறத்தாழ 1.96%. 2% என்று சொன்னாலும் கடலில் ஒன்றும் ஆகாது. பங்கு கூடக் கூட இந்தப் பிழை சின்னதாகிக்கொண்டே போகும், குறையக் குறையப் பெரிதாகும். 1 : 1 இல் அது 50%க்குப் பதில் 100% என்று வந்து நிற்கும். விகிதம் கண்டால் முதலில் பங்குகளைக் கூட்டி எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் புள்ளி இல்லை

க = 8 என்று வந்துவிட்டது. கேள்வி கேட்டது 20% உப்புநீரின் அளவை. விடை 4. இதற்குப் பெரிய மருந்து இல்லை. தொடக்கத்தில் க என்பது என்ன என்று வசனமாக எழுதியிருந்தால், முடிவில் அந்த வசனத்தையும் கேள்வியின் கடைசி வரியையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டு தெரியாக் கணியம் வைத்து ஒருங்கமை சமன்பாடாகச் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கு வரும் தொல்லை வேறு: தீர்க்கும்போது 0 = 0 என்று வந்து நிற்கும். ஒரே செய்தியை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு சமன்பாடு நிறைக்கு, ஒரு சமன்பாடு உப்புக்கு. அப்படி எழுதினால் வராது.

செய்து பார்க்க மூன்று

6% உப்புநீர் 20 கிலோகிராம். எவ்வளவு தண்ணீர் வற்றினால் 15% ஆகும்?

22 கரட் தங்கம் 6 கிராமையும் 18 கரட் தங்கம் 2 கிராமையும் சேர்த்து உருக்கினால் எத்தனை கரட்? கரட் என்பது 24 இல் எத்தனை பங்கு தங்கம் என்பது. ஆகவே இதுவும் வீதம்தான், நூறுக்குப் பதில் இருபத்துநாலு.

10 லீற்றர் ரேடியேற்றரில் கூலன்ட் 20%. எவ்வளவைத் திறந்து விட்டுத் தனிக் கூலன்ட் ஊற்றினால் 40% ஆகும்?

விடைகள்: 12 கிலோகிராம், 21 கரட், 2.5 லீற்றர். இரண்டாவதற்கு 20 கரட் வந்தால் காவுதடி இருக்கும் இடத்துக்கும், மூன்றாவதற்கு 2 லீற்றர் வந்தால் லொறி இருக்கும் இடத்துக்கும் திரும்பிப் போங்கள்.